கழுத்து மாறிய சாக்ஸபோன்

முகத்தில் சோப்பு நுரையோடு முடிதிருத்தும் நாற்காலியில் சாய்ந்திருந்தபோதுதான் அந்தச் செய்தி என் காதில் விழுந்தது. சாமான்களை ஓயாமல் ஒப்பிட்டுப் பார்க்கிறார் என்று கண்ணாடிக்காரரை இசைக்கருவிக் கடையில் இனிமேல் உள்ளே விடமாட்டார்களாம். கடைக்குள் போர்டே எழுதி மாட்டிவிட்டார்களாம். அவருடைய போட்டோவையும் ஒட்டியிருக்கிறார்களாம். பக்கத்து நாற்காலியில் இருந்தவர் சொன்னார்.

"போட்டோவை நீங்க பாத்தீங்களா?" என்றேன்.

"நான் எதுக்குங்க பாக்கணும்? ஊரே சொல்லுது."

ஊரே சொல்கிற விஷயத்தை ஊரில் ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் இந்த வதந்தியில் ஒரு ருசி இருந்தது. திருடியவனை உள்ளே விடாத கடை உண்டு, குடித்துவிட்டு வருகிறவனை விடாத கடை உண்டு. பொருளை ஒப்பிட்டுப் பார்த்தே ஒருவன் ஒரு கடையை விட்டுத் துரத்தப்பட்டான் என்றால், அவனுக்குக் கை கொடுக்க வேண்டும், அல்லது அந்தக் கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டும். யாருக்கு என்று தெரிந்துகொள்ள, முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே கடைக்குக் கிளம்பினேன்.

கண்ணாடிக்காரர் என்று நாங்கள் சொல்வது கண்ணாடி விற்பவரை அல்ல. விற்பவர் முன்பக்கம் சிரித்துக்கொண்டு நிற்கிறார். இவர் அந்த மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் கண் பரிசோதிப்பவர். ஜன்னல் இல்லாத அறை. எதிர்ச்சுவரில் எழுத்துப் பலகை, அதன் தலைமேல் ஒரு சின்ன விளக்கு. நம் மூக்கின் மேல் கனத்த சட்டம் ஒன்றை ஏற்றிவைத்து, பெட்டியிலிருந்து ஒவ்வொரு வில்லையாக எடுத்துச் சொருகி, தூங்கும் குழந்தையை எழுப்புகிற குரலில் கேட்பார்: "முன்னதா, பின்னதா?" நாம் பின்னது என்போம். இன்னொன்றைச் சொருகுவார். "இப்ப? முன்னதா, பின்னதா?" கொஞ்ச நேரத்தில் எது முன்னது எது பின்னது என்று நமக்கே மறந்து, ஆளை விட்டால் போதும் என்று வாய்க்கு வந்ததைச் சொல்வோம். அதன்படி கண்ணாடி செய்து கொடுப்பார்கள். இந்தத் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் உலகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பிழைப்புக்கு அந்தக் கேள்வியைக் கேட்பதில் குற்றம் இல்லை. ஆனால் மனிதருக்கு அதை அந்த அறையிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வரத் தெரியாது. சட்டைத் துணி எடுக்கப் போனால் முன்னதா பின்னதா. பேருந்தில் இரண்டு இடம் காலியாக இருந்தால் முன்னதா பின்னதா. அவர் முடிவு செய்வதற்குள் இரண்டிலும் ஆள் உட்கார்ந்துவிடும். அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விடைகளில் முன்னதும் பின்னதும் கிடையாது, சரியும் தப்பும்தான் உண்டு என்று நம்புகிற ஜாதி. அந்த அம்மாள் என்னிடம் ஒருமுறை சொன்னார்: "கல்யாணத்துக்கு மட்டும் எப்படிங்க உடனே சரின்னீங்கன்னு கேட்டேன். அப்ப எனக்கு வேற மாடல் காட்டலைன்றாரு. இதைச் சொல்லிட்டு, தான் பெரிய ஜோக் அடிச்ச மாதிரி சிரிப்பு வேற."

இப்படிப்பட்டவருக்கு சாக்ஸபோன் ஆசை வந்தது. ஆண்டவன் தமாஷ் செய்ய நினைத்தால் இப்படித்தான் செய்வான் போலிருக்கிறது.

ஆசை புதிதல்ல. இளவட்டமாக இருந்தபோதே, கற்றுக்கொள்கிறவர்களுக்கென்று மலிவாக விற்கும் ஒரு சாக்ஸபோனை வாங்கி, ஒழுங்காகப் பாடம் எடுத்து, ஒழுங்காக வாசித்தும் வந்தார். சுவரைப் பார்த்து வாசித்தார், பீரோவைப் பார்த்து வாசித்தார், மனைவி திருத்தும் விடைத்தாள் கட்டைப் பார்த்து வாசித்தார். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நாலு பேரோடு சேர்ந்து உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் கனவு. அதற்கு வேண்டியது நாலு பேர். மனிதர் தேடியது நாலு பேரை அல்ல, நல்ல சாக்ஸபோனை. கற்றுக்குட்டிக் கருவியோடு போய் நாலு பேர் நடுவில் உட்காரலாமா? தொழில்முறைக்காரர்கள் வாசிக்கிற மாடலை வாங்கிக்கொண்டுதான் போவது என்று முடிவெடுத்தார். கல்யாணத்தை விட்டால், அது ஒன்றுதான் அவர் சட்டென்று எடுத்த முடிவு. அதற்குப் பிறகு மூன்று வருடம் எந்த மாடல் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

தனியாகப் பார்க்கவில்லை. கைபேசியில் அவருக்கு ஒரு குழு இருக்கிறது. சாக்ஸபோன் மாடல்களை ஒப்பிடுகிறவர்கள் குழு. அதில் போய் எட்டிப் பார்த்தேன், தலை சுற்றியது. ஓசை இருட்டாக இருக்கிறதாம், ஓசை வெளிச்சமாக இருக்கிறதாம். நடுவில் குவிந்த ஓசை, ஓரத்தில் பரந்த ஓசை, தேன் மாதிரி ஓசை, மர வாசனை அடிக்கிற ஓசை. பித்தளைக் குழாயில் மர வாசனையை முகர்ந்த மூக்குகள் அந்தக் குழுவில் ஏராளம். வெள்ளிப் பூச்சுக்கும் பொன்னிற அரக்குப் பூச்சுக்கும் இடையில் உள்ள வித்தியாசத்துக்காக இரண்டு பேர் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டிருக்கிறார்கள். இவர்களில் யாராவது ஒரு பாட்டை முழுசாக வாசித்துப் போட்டிருக்கிறார்களா என்று விரல் வலிக்கத் தள்ளிப் பார்த்தேன். வாசிப்பதெல்லாம் ஒரு நீள ஸ்வரம், பிறகு அடுத்த மாடலில் அதே நீள ஸ்வரம், பிறகு, "நண்பர்களே, வித்தியாசம் புரிகிறதா?" புரிகிறது என்று கீழே நாற்பது பேர். எனக்கு இரண்டும் துறைமுகத்தில் கப்பல் கிளம்புகிற மாதிரிதான் இருந்தது.

இசைக்கருவிக் கடை ஒரு மாடியில் இருக்கிறது. படியேறினால் மெழுகும் தக்கையும் கலந்த வாசனை. சுவரெல்லாம் கிடார்கள் தொங்குகின்றன. கண்ணாடி அலமாரிக்குள் மஞ்சளாக மினுங்கும் சாக்ஸபோன்கள். அலமாரிக்குப் பக்கத்தில் போர்டு இருந்தது. போட்டோ இல்லை. போர்டில் எழுதியிருந்தது இது: "கழுத்துகளை மாற்றிப் போட்டு வாசித்துப் பார்க்கக் கூடாது."

"இது கண்ணாடிக்காரருக்காக மாட்டுனதா?" என்றேன் கடைக்காரரிடம்.

"அவருக்காகன்னு எதுக்கு சொல்லணும்?" என்றார். "உலகத்துல இந்த வேலையைப் பண்ற ஒரே ஆளு அவருதான். மத்தபடி இது எல்லாருக்கும் பொதுவான போர்டு."

ஆக, வதந்தி பாதி உண்மை. ஆளை விரட்டவில்லை, அவருடைய பழக்கத்தைத்தான் விரட்டியிருக்கிறார்கள்.

கழுத்து என்றால் என்ன என்று கடைக்காரர் எடுத்துக் காட்டினார். சாக்ஸபோன் ஒரே துண்டு இல்லை. வளைந்த பெரிய குழாய்தான் உடம்பு. அதன் தலையில் கொக்கு மாதிரி வளைந்து சொருகும் சின்னக் குழாய் கழுத்து. கழுத்தின் நுனியில் வாய் வைத்து ஊதும் மவுத்பீஸ். மவுத்பீஸில் வைத்துக் கட்டும் மெல்லிய நாணல் பட்டை ரீடு. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்கள் என்றால் ஒன்றின் கழுத்து மற்றொன்றின் உடம்பிலும் உட்காரும். கெட்டது அங்கேதான்.

"சனிக்கிழமை தவறாம வருவாரு," என்றார் கடைக்காரர். "ஆஸ்பத்திரிக்கு ஆபரேஷன் பண்ண வர்ற டாக்டர் மாதிரி. பையில சொந்த மவுத்பீஸ், சொந்த ரீடு, துடைக்கிற துணி. மேசைமேல ஒரு பச்சைத் துணியை விரிச்சு, அதுமேல ரெண்டு சாக்ஸபோனைப் படுக்க வைப்பாரு. முதல்ல ஒண்ணை எடுத்து, ஒரே ஒரு ஸ்வரத்தை மூச்சு தீர்ற வரைக்கும் ஊதுவாரு. அடுத்ததை எடுத்து அதே ஸ்வரம். அப்புறம் கண்ணை மூடிக்கிட்டு நிப்பாரு. கடைக்குள்ள வந்த ஆளுங்க ஏதோ துக்கம்னு நினைச்சு அமைதியா நிப்பாங்க."

"பாட்டு வாசிக்க மாட்டாரா?"

"பாட்டா? பாட்டு வாசிச்சா ஓசையைக் கவனிக்க முடியாதாம்."

கடைக்காரர் மேலும் ஒன்று சொன்னார். மூன்று வருடத்தில் வேறு வேறு கம்பெனிகளையெல்லாம் கழித்து, கடைசியில் ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களில் வந்து நின்றாராம். ஒன்று பழைய அச்சில் வார்த்த மாடல், இன்னொன்று அதன் பிறகு வந்தது. குழுவில் இவற்றுக்குப் பெயரே முன்னது, பின்னது. உடம்பு ஏறக்குறைய ஒன்று. வித்தியாசமெல்லாம் கழுத்தில்தான் என்று குழுவில் பாதிப் பேர், உடம்பில்தான் என்று மீதிப் பேர். விடுவாரா நம்மாள்? முன்னதின் உடம்பில் பின்னதின் கழுத்து, பின்னதின் உடம்பில் முன்னதின் கழுத்து என்று மாற்றி மாற்றிச் சொருக ஆரம்பித்தார்.

இப்படியே இன்னும் பத்து வருடம் ஓடியிருக்கும். ஓட விடாமல் செய்தது ஒரு ஹோட்டல்.

ஊருக்கு வெளியே, பெரிய சாலையோரம் உள்ள அந்த ஹோட்டலில் விருந்து மண்டபம் ஒன்று உண்டு. அங்கே சனி ஞாயிறுகளில் ஒரு இசைக்குழு வாசிக்கிறது. வாசிக்கிறது என்றால், மக்கள் சாப்பிடும்போது தட்டுச் சத்தம் கேட்காமல் பார்த்துக்கொள்கிறது. கீபோர்டு வாசிக்கும் மாஸ்டர்தான் குழுத் தலைவர். அதில் இரண்டு சாக்ஸபோன். ஒன்றை வாசிப்பவர் எங்கள் தெருவுக்குத் தபால் கொண்டுவரும் தபால்காரம்மா. இன்னொன்றை வாசித்தவர் மகள் வீட்டோடு போய்விட்டார். நாற்காலி காலி. தபால்காரம்மா கடிதம் கொடுக்கப் போகும்போதெல்லாம் கண்ணாடிக்காரர் வீட்டு ஜன்னல் வழியாக அந்த நீள ஸ்வரத்தை வருடக்கணக்காகக் கேட்டவர். ஒரு நாள் கதவைத் தட்டி, "சார், வர்ற சனிக்கிழமைக்கு மறு சனிக்கிழமை சாயந்தரம் விருந்து ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மண்டபத்துக்கு வந்து மாஸ்டருக்கு வாசிச்சுக் காட்டுங்க. உங்களைப் பத்திச் சொல்லி வெச்சிருக்கேன்" என்றிருக்கிறார்.

மாஸ்டர் பொறுமைசாலி இல்லை என்பதையும் சொல்லியிருக்கிறார். ஆள் அமையாவிட்டால் கீபோர்டில் ஒரு பட்டன் இருக்கிறது, அதை அமுக்கினால் சாக்ஸபோன் சத்தம் வரும், அதை வைத்தே ஓட்டிக்கொள்கிறேன் என்கிறாராம். "அந்தப் பட்டன் லேட்டா வராது, சாப்பாடு கேக்காது" என்று அடிக்கடி சொல்கிறாராம்.

ஆக, வாழ்நாள் கனவுக்கும் ஒரு பட்டனுக்கும் இடையில் போட்டி. கெடு ஒரு சனிக்கிழமை. வேறு யாராவது என்றால் இருக்கிற சாக்ஸபோனைத் துடைத்து எடுத்துக்கொண்டு, தெரிந்த பாட்டுகளை நாலு முறை வாசித்துப் பார்த்துவிட்டுப் போவார்கள். நம்மாள் முதலில் போய் நின்ற இடம் கடை.

"அன்னைக்கு அவரு முகத்தைப் பாக்கணும் நீங்க," என்றார் கடைக்காரர். "வேர்த்துக் கொட்டுது. மாத்தி மாத்திக் கழுத்தைச் சொருகுறாரு. நான் சாப்பிட்டு வந்துட்டேன், தூங்கி எழுந்துட்டேன். கடையை மூடுற நேரம். திடீர்னு ஒரு கையை மேல தூக்கி, 'பின்னது!'ன்னு கத்துறாரு. எனக்குக் கண்ல தண்ணி வந்துருச்சு. மனசு மாறுறதுக்குள்ள அள்ளிப் பெட்டியில போட்டு, பில்லைக் கையில திணிச்சு, படி வரைக்கும் கொண்டுபோய் விட்டேன்."

அவசரத்தில் கடைக்காரர் பின்னதின் உடம்பை எடுத்து, மேசைமேல் கைக்குப் பக்கத்தில் கிடந்த கழுத்தைப் பெட்டிக்குள் வைத்தார். அது முன்னதின் கழுத்து. இந்த இடத்தில் கடைக்காரர் வெட்கப்பட வேண்டும். பட்டதாகத் தெரியவில்லை. "ரெண்டும் பளபளன்னுதானே இருக்கு?" என்றார். விற்கிறவருக்கே வித்தியாசம் தெரியாத பொருளை மூன்று வருடம் ஒப்பிட்டவரை என்னவென்று சொல்வது, அதை விற்றவரை என்னவென்று சொல்வது!

அடுத்து வந்த ஒரு வாரம் கண்ணாடிக்காரர் வாழ்வின் பொற்காலம். பாட்டு எதையும் பழகவில்லை. நீள ஸ்வரம்தான். வாசித்துவிட்டுக் குழுவில் எழுதினார். எழுதினார் எழுதினார், பகுதி பகுதியாக எழுதினார். பின்னதின் ஓசையில் ஒரு அடக்கமான கம்பீரம் இருக்கிறது, அது முன்னதில் கிடையவே கிடையாது, முன்னதை விரும்புகிறவர்களுக்குக் காது இன்னும் பக்குவப்படவில்லை என்று அடித்துச் சொன்னார். கைதட்டல் பொம்மைகள் குவிந்தன. முன்னதின் கட்சியைச் சேர்ந்த ஒருவர் மனம் உடைந்து குழுவை விட்டே விலகிவிட்டார்.

மனைவியையும் விடவில்லை. பழைய மலிவு சாக்ஸபோனில் ஒன்று, புதியதில் ஒன்று ஊதிக் காட்டி, "சொல்லு, முன்னதா பின்னதா?" என்று கேட்டிருக்கிறார்.

"ரெண்டும் சத்தமா இருக்கு," என்றாராம் டீச்சர், விடைத்தாளிலிருந்து தலையை எடுக்காமல்.

"அந்தக் கம்பீரம் தெரியலையா?"

"எனக்குத் தெரியுறதெல்லாம் சனிக்கிழமை நெருங்குறதுதான். பாட்டு என்ன வாசிக்கப் போறீங்க?"

"கருவி சரியா இருந்தா பாட்டு தானா வரும்."

"அப்ப கருவியை அனுப்புங்க. நீங்க எதுக்குப் போறீங்க?"

கெடு வைத்த சனிக்கிழமை வந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மண்டபத்துக்குக் கிளம்புவதற்கு முன், கழுத்தை மெல்லிய துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்ப்பது தொழில் ஆயிற்றே. கழுத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு எண் பொறித்திருந்தது. உடம்பிலும் ஒரு எண். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றாக இல்லை.

டீச்சர் இதை எனக்குச் சொல்லும்போது, இவ்வளவு நாளில் முதல் தடவையாக அவர் குரலில் கொஞ்சம் பயம் இருந்தது. "நாற்காலியில அப்படியே உக்காந்துட்டாருங்க. மாரடைப்போன்னு பயந்துட்டேன். என்னங்க என்னங்கன்றேன். 'நான் புகழ்ந்தது யாரை?'ன்றாரு."

யோசித்துப் பார்த்தால் கேள்வி நியாயமானதுதான். அந்த அடக்கமான கம்பீரம் பின்னதின் உடம்பிலிருந்து வந்ததா, முன்னதின் கழுத்திலிருந்து வந்ததா? கடையில் 'பின்னது!' என்று கத்தியபோது உடம்பில் இருந்தது எந்தக் கழுத்து? ஊரறிய முன்னதைத் திட்டியது முன்னதின் கழுத்தால் ஊதிக்கொண்டேதானா? குழுவில் இது தெரிந்தால்? மனம் உடைந்து போனவர் திரும்பி வந்து காறித் துப்ப மாட்டாரா?

சாதாரண மனிதனுக்கு அந்த நேரத்தில் தோன்ற வேண்டியது: கழுத்து எதுவாக இருந்தால் என்ன, சத்தம் வருகிறது, மண்டபத்துக்குப் போவோம். அவருக்குத் தோன்றியது வேறு. சாக்ஸபோனை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினார்.

கடைக்காரர் அவரைப் படியில் பார்த்ததும் அலமாரிக்குப் பின்னால் குனிந்துகொண்டாராம். பயனில்லை. பச்சைத் துணி விரிக்கப்பட்டது. முன்னது வெளியே எடுக்கப்பட்டது. இரண்டு உடம்பு, இரண்டு கழுத்து. சரியான கழுத்தைப் போட்டு ஊதினார். தவறான கழுத்தைப் போட்டு ஊதினார். மறுபடி சரியானது. கண்ணை மூடிக்கொண்டார். முகம் வெளுத்தது.

"என்ன சார், எப்படி இருக்கு?" என்று கேட்டிருக்கிறார் கடைக்காரர், ஆளைக் கிளப்புகிற ஆசையில்.

"வித்தியாசம் தெரியல," என்றாராம்.

மூன்று வருடத்தில் அவர் சொன்ன ஒரே நேர்மையான வாக்கியம் அது. அதோடு கிளம்பியிருந்தால் அவரை நான் மதித்திருப்பேன். ஆனால் உடனே, "இருங்க, இன்னொரு தடவை" என்று கழுத்தைக் கழற்றினார். அப்போது கைபேசி அடித்தது. கணக்கு டீச்சர்.

"எங்க இருக்கீங்க?"

"கடையில. ஒரு சின்ன சந்தேகம்..."

"மண்டபத்துல மாஸ்டர் வந்து உக்காந்துட்டாராம். தபால்காரம்மா இப்பதான் கூப்பிட்டுச் சொன்னாங்க. இன்னும் கொஞ்ச நேரம் பாத்துட்டு அந்தப் பட்டனையே வெச்சுக்கறேன்றாராம். நீங்க பட்டன்கிட்ட தோத்துட்டு வீட்டுக்கு வந்தா, இனி ஆயுசுக்கும் இந்த வீட்டுல சாக்ஸபோன் பத்தி ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். நல்லா யோசிச்சுக்கோங்க."

இந்த ஒன்றை மட்டும் அவர் யோசிக்கவில்லை. உடம்பைப் பெட்டிக்குள் படுக்க வைத்து, மூடி, கொக்கியை மாட்டி, படிகளில் உருண்டு விழாத குறையாக ஓடினார். பேருந்து பிடித்தார். முதலில் கண்ணில் பட்ட காலி இடத்தில் உட்கார்ந்தார்.

மண்டபத்தில் நடந்ததைத் தபால்காரம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். மேசைகளுக்கு வெள்ளைத் துணி விரித்துக்கொண்டிருந்தார்கள். பரிமாறுகிறவர்கள் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து கரண்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் கீபோர்டின்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, வந்தவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதானா அது? சரி, எடுங்க."

கண்ணாடிக்காரர் காலி நாற்காலியில் உட்கார்ந்து, பெட்டியை முழங்கால்மேல் வைத்துத் திறந்தார். தகதகவென்று மின்னும் உடம்பு இருந்தது. கழுத்து இல்லை. சரியான கழுத்தும் இல்லை, தவறான கழுத்தும் இல்லை. இரண்டும் கடை மேசையில், பச்சைத் துணிமேல் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தன. கழுத்தோடு மவுத்பீஸும், மவுத்பீஸோடு ரீடும் அங்கேயேதான். எந்தக் கழுத்து உயர்ந்தது என்று உலகத்துக்கே வகுப்பெடுத்தவர், கழுத்தே இல்லாமல் வந்திருந்தார்.

மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

"யோவ், எங்கய்யா இதோட தலை?"

"கடையில இருக்கு, மாஸ்டர்."

"ஏன், அது தனியா வருமா?"

கரண்டி துடைத்தவர்கள் சிரித்தார்கள். கண்ணாடிக்காரர் எழுந்து நின்றார். போய் எடுத்து வந்துவிடுகிறேன் என்றார். மாஸ்டர் கீபோர்டில் ஒரு பட்டனை அமுக்கி, நாலு கட்டையைத் தட்டினார். சாக்ஸபோன் மாதிரி ஏதோ ஒன்று மூக்கடைத்த குரலில் கத்தியது.

"கேட்டீங்களா? இதுக்குக் கழுத்து, கால் எதுவும் வேணாம்," என்றார்.

தபால்காரம்மா பட்டன் வேலை செய்வதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருக்கிற ஆள் இல்லை. "அதை நிறுத்துங்க மாஸ்டர், பல் கூசுது. போனவரு வெச்சுட்டுப் போன பழசு அலமாரியில கிடக்கே, அதைக் குடுங்க" என்று அவரே போய் எடுத்து வந்தார். அதை சாக்ஸபோன் என்று சொல்வது மரியாதைக்காக. அரக்கு உரிந்து பழுப்பேறி, பக்கவாட்டில் நசுங்கி, விரலால் அமுக்கும் சாவி ஒன்று எழும்பாமல் போனதால் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தது. கழுத்து இருந்தது. அது அந்த உடம்போடு பிறந்ததா என்று கேட்கிற நிலைமையில் யாரும் இல்லை. மவுத்பீஸும் இருந்தது. ரீடு மட்டும் ஓரம் உடைந்து பாழாகியிருந்தது.

தபால்காரம்மா தன் பெட்டியிலிருந்து, இன்னும் உறை பிரிக்காத ரீடு ஒன்றை எடுத்து நீட்டினார். அன்றைக்கு அவரிடம் இருந்த ஒரே புது ரீடு. "எடுத்துக்கோங்க சார், அப்புறம் குடுங்க."

கண்ணாடிக்காரர் ரீடை வாங்கி வாயில் ஈரப்படுத்தினார். பழுப்பேறிய அந்தக் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வாய் தவறி, "இது என்ன மாடல்?" என்று கேட்டுவிட்டார்.

"வாசிக்கிற மாடல்," என்றார் மாஸ்டர். "ஊதுய்யா!"

முதலில் வேகமான உருப்படி ஒன்றைக் கொடுத்தார். தபால்காரம்மா சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "ஐயோ சார், கேக்காதீங்க. நாங்க ஒரு தெருவுல போறோம், அவரு ரெண்டு தெரு பின்னாடி எங்களைத் தேடிக்கிட்டு வர்றாரு. மாஸ்டர் நிறுத்திட்டாரு. அவரு மட்டும் இன்னும் வந்துகிட்டே இருக்காரு." மூன்று வருடம் பாட்டே வாசிக்காதவர் வேறு எப்படி வாசிப்பார்?

மாஸ்டரின் கை பட்டன் பக்கம் போனது. போகிற வழியில் என்ன நினைத்தாரோ, மெதுவான பாட்டு ஒன்றின் தாளை எடுத்து வைத்து, "இதை ஒரு தடவை. அவ்வளவுதான்" என்றார்.

இங்கேதான் எனக்குச் சங்கடம். நான் எழுதிவந்த போக்கில் அவர் இதிலும் மண்ணைக் கவ்வியிருந்தால் எனக்கு வசதி. தபால்காரம்மா பொய் சொல்கிறவர் இல்லை. அவர் சொல்கிறார், அந்தப் பாட்டின் முதல் நீள ஸ்வரம் வந்ததும் கரண்டி துடைத்தவர்கள் துடைப்பதை நிறுத்தினார்கள் என்று. மூன்று வருடம், சனிக்கிழமை தவறாமல், ஒரே ஸ்வரத்தை மூச்சு தீரும்வரை ஊதிய மனிதர் அல்லவா? ஒப்பிடுவதாக நினைத்துக்கொண்டு, தனக்கே தெரியாமல் சாதகம் செய்திருக்கிறார். நசுங்கிய குழாய், எவனோ வைத்துவிட்டுப் போன கழுத்து, கடன் வாங்கிய ரீடு. ஓசை மட்டும் முழுசாக, ஆடாமல் அசையாமல் மண்டபம் பூராவும் போய் நின்றிருக்கிறது. கைபேசிக் குழு சொல்லும் இருட்டும் வெளிச்சமும் தேனும் அதில் இருந்ததா என்று தபால்காரம்மாவுக்குத் தெரியாது. "நல்லா இருந்துச்சு சார்" என்பதோடு அவர் விமர்சனம் முடிந்தது.

மாஸ்டர் தாள்களைப் புரட்டி இரண்டு கட்டாகப் பிரித்தார். "வேகப் பாட்டெல்லாம் அந்தம்மா பாத்துக்கட்டும். நீ அப்ப சும்மா விரலை ஆட்டிக்கிட்டு உக்காந்திரு, ஊதாத. மெதுவா வர்றதுக்கு மட்டும் நீ ஊது. நாளைக்கு வந்துடு. தலையோட வா."

மரியாதை போய் ஒருமை வந்துவிட்டது. ஆளைச் சேர்த்துக்கொண்டார் என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம்.

மறுநாள் கடைக்காரர் கழுத்தைக் கொடுக்கும்போது எண்ணைச் சரிபார்த்துக் கொடுத்தார். அன்றைக்கே போர்டையும் எழுதி மாட்டினார். கண்ணாடிக்காரர் இப்போது சனி ஞாயிறுகளில் பின்னதின் உடம்பும் பின்னதின் கழுத்துமாக மண்டபத்தில் உட்காருகிறார். மக்கள் அவரைக் கேட்காமல் சாப்பிடுகிறார்கள். புது சாக்ஸபோனுக்கும் அந்த ரப்பர் பேண்டு சாக்ஸபோனுக்கும் வித்தியாசம் தெரிகிறதா என்று மாஸ்டரிடம் கேட்டிருக்கிறார். "இது பளபளப்பா இருக்கு, போட்டோவுக்கு நல்லது" என்றாராம் மாஸ்டர். கைபேசிக் குழுவில் அவர் எழுதிய புகழுரைகள் அப்படியே இருக்கின்றன. கழுத்து மாறியதைச் சொன்னாரா என்று போய்ப் பார்த்தேன். சொல்லவில்லை. அந்த அளவுக்கு யாருக்குத் தைரியம் வரும்?

நேற்று தபால்காரம்மா எனக்கு ஒரு மின் கட்டண ரசீதைக் கொடுத்துவிட்டு, வாசலிலேயே நின்று புலம்பினார். ரீடைத் திருப்பித் தந்தாரா என்று நான் கேட்டதுதான் காரணம்.

"எங்க சார்! போன மாசமே கேட்டேன். 'உங்க வாசிப்புக்கு எந்தக் கம்பெனி ரீடு பொருந்தும்னு பாத்துகிட்டிருக்கேம்மா'ன்றாரு. நான் குடுத்த அதே ரீடைக் குடுங்க சார்ன்னேன். 'அது அவ்வளவு நல்ல ரீடு இல்லம்மா'ன்றாரு. ரெண்டு கம்பெனி வரைக்கும் வந்துட்டாராம். இப்ப அதுல எவ்வளவு தடிமன்னு பாக்குறாராம். என் ரீடு நுனி தேஞ்சு போச்சு. அதை வெச்சுத்தான் வேகப் பாட்டு அத்தனையும் ஊதிகிட்டிருக்கேன்."

சைக்கிளை உருட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அதற்கடுத்தது கண்ணாடிக்காரர் வீடு. அவர் வீட்டுக்கு நேற்று தபால் எதுவும் இல்லை. இருந்தாலும் கதவைத் தட்டினார். ஜன்னலுக்குள் அந்த நீள ஸ்வரம் ஒரு தடவை கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. கதவு திறக்கவில்லை.